அரிசோனாவில் டபுள் விசில்

அமெரிக்கப் பாலைவனத்தில் ஐந்து நாள் சுற்றி, கடைசி அரைமணி நேரம் நீங்கலாக மொத்தத்தையும் முதுகாலேயே பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் சம்பந்தி. விக்கிரமசிங்கபுரத்தில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார். "டபுள் விசில்" என்று கேளுங்கள், வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள்.

பாபநாசம் - மதுரை பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். ஒரு விசிலுக்கு வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்குக் கிளம்ப வேண்டும் என்பது எல்லா கண்டக்டருக்கும் பொது. இவர் அந்த இரண்டாவது விசிலை லேசில் தரமாட்டார். கோவில்பட்டியில் டீக்கு நிறுத்தினால், முன்னாலிருந்து பின்னால் ஒரு தடவை, பின்னாலிருந்து முன்னால் ஒரு தடவை தலைகளை எண்ணுவார். தூங்குகிறவர்கள் முகத்தில் கிடக்கும் துண்டை விலக்கி, ஆள் உள்ளே இருக்கிறாரா என்று வேறு பார்ப்பார். டிரைவர் பல்லைக் கடிப்பார்.

"மதுர எங்கயும் ஓடிராது வே. ஆளு ஏறட்டும்."

என் மகள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு அந்த பஸ்ஸில்தான் மூன்று வருஷம் காலேஜுக்குப் போனாள். படிப்பு முடிந்த மாதம் மனிதர் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார். "சார், உங்க பிள்ள ஒரு நாளு கூட படியில நின்னதில்ல. எங்க வீட்டுக்கு வரட்டும்" என்றார். பையனுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை என்ற விஷயம், செருப்பை மாட்டும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

போன டிசம்பரில் நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்குப் போனோம். டபுள் விசில் ஒரு வாரம் முன்னாடியே வந்திருந்தார். மருமகன் ஒரு வருஷமாக லீவைச் சேர்த்து வைத்து ஒரு காரியம் செய்திருந்தான். மூன்று வரிசை சீட் வைத்த ஒரு வேன், ஐந்து நாள், அரிசோனாவும் நியூ மெக்சிகோவும்.

"மாமா, எங்கப்பா ஆயுசு பூராவும் ரோட்டுலதான் இருந்தாரு. ஒரு நாள் ஜன்னலுக்கு வெளிய பாத்ததில்ல. அம்மா போனதுக்கு அப்புறம் வீட்டுச் சுவரத்தான் பாக்காரு. அவரு ஒரு தடவ வெளிய பாக்கணும். அதுக்குத்தான் இந்தப் பயணமே" என்று என்னிடம் தனியாகச் சொன்னான். 

அப்பாவுக்கென்று முன் சீட்டை ஒதுக்கினான். அவர் ஏறினார், உட்கார்ந்தார், உடனே பின்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பெல்ட்ட போடுங்கப்பா."

"முப்பது வருஷம் நின்னுக்கிட்டே போனவன கட்டிப் போடுதியே லே" என்று முனகியபடி போட்டார். பெல்ட்டுக்குள்ளேயே நெளிந்து மறுபடி எங்கள் பக்கம் திரும்பினார். ஸ்வெட்டருக்குள்ளிருந்து விசிலை எடுத்தார். எண்ணினார். மருமகன், மகள், ஆறு வயசுப் பேத்தி, என் மனைவி, நான், அவர். "ஆறு." இரண்டு விசில். மூடிய வண்டிக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் தெரியும். என் வலது காது மறுநாள் மத்தியானம்தான் பழைய நிலைக்கு வந்தது.

வழியெல்லாம் ஆள் உயரக் கள்ளிகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. "அப்பா, அங்கன பாருங்க" என்பான் மருமகன். "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்பார் அவர், என் மனைவி முறுக்கு டப்பாவைச் சரியாக மூடினாளா என்று பார்த்துக்கொண்டே. காற்றாலைகள் வரிசையாக வந்த இடத்தில் பேத்தி கத்தியதால் அரை விநாடி தலையைத் திருப்பினார். "ஏலே, கூடங்குளம் ரோட்டுக்கே வந்துட்டமா?" என்றார். அத்தோடு சரி.

வெள்ளை மணல் மேடுகளுக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம் மாதிரி வெள்ளை. நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். அவர் மணலுக்கு முதுகைக் காட்டி எங்களை எண்ணினார். பிறகு கார் நிறுத்துமிடத்தில் அவர் ஊதிய ஒற்றை விசிலுக்கு, சம்பந்தமே இல்லாத நாலு கார்கள் பிரேக் போட்டு நின்றன. ஒரு பெரியவர் கையைத் தூக்கிக்கொண்டே இறங்கினார்.

மருமகனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்பா, இது பஸ் இல்ல. நீங்க இப்ப கண்டக்டரும் இல்ல. அந்த விசிலக் குடுங்க."

 அவர் விசில் கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். மகன் அதை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடினான். அவர் ஒழுங்காக முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தார், கண்ணை மூடிக்கொண்டு. அன்றைக்கு யாருக்கும் எந்தக் காட்சியும் ருசிக்கவில்லை.

மறுநாள் அரிசோனா எல்லையைத் தாண்டித் திரும்பியதும் நல்ல குளிர். ரோட்டோரத்தில் பனித்திட்டுகள். பாலைவனத்துக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று இரண்டு அரைக்கைச் சட்டையோடு வந்த மேதாவி நான். அதனால் கடைசி வரிசையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளிகளையெல்லாம் மேலே குவித்துக்கொண்டு, அதற்குள் குறட்டை விட்டபடி வந்தேன். பெட்ரோல் போட நிறுத்தினார்கள். ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு பைய இறங்கிக் கழிவறைக்குப் போனேன். யாரும் கவனிக்கவில்லை. கம்பளிக் குவியல் நான் படுத்திருந்த வாக்கிலேயே இருந்தது.

திரும்பி வந்தால் வேன் இல்லை.

சுற்றிலும் வானமும் ரோடும்தான். போன் கம்பளிக்குள். மகளின் நம்பர் மனப்பாடம் இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் எங்கள் வீட்டு காஸ் புத்தகத்து நம்பர். அதை வைத்துக்கொண்டு அரிசோனாவில் என்ன செய்வது? பெட்ரோல் பங்க் கடையிலிருந்த பெண் என் சால்வையையும் நடுக்கத்தையும் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு காபி கொடுத்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது.

வேனுக்குள் நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். கொஞ்ச தூரம் போனதும் டபுள் விசில் கண்ணைத் திறந்திருக்கிறார். "சம்பந்தி எங்க?"

"பின்னால தூங்குதாவ அண்ணாச்சி" என்றிருக்கிறாள் இவள்.

"தூங்குதாவன்னா கொறட்ட எங்க? நாலு நாளா அவுகள கொறட்டைய வச்சுத்தான எண்ணுதேன். ஏலே, வண்டிய நிறுத்து. ஒண்ணு கொறையுது."

பேத்தி கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். ஆள் இல்லை. "ரிவர்ஸ் எடுலே" என்று சத்தம் போட்டிருக்கிறார். அந்த ரோட்டில் அதெல்லாம் முடியாது. அடுத்த திருப்பம் பதினெட்டு மைல் தள்ளி. அத்தனை மைலும் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எண்ணாம விட்டுட்டேனே, எண்ணாம விட்டுட்டேனே" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம்.

வேன் முழுசாக நிற்கும் முன்பே குதித்தார். ஓடி வந்து தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் தலைவழியே மாட்டினார். "மன்னிச்சிருங்க சம்பந்தி. தப்பு என்னுதுதான்" என்றார்.  நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் மருமகன் பெட்டியைத் திறந்து, விசிலை எடுத்து அப்பாவின் கழுத்தில் அவனே மாட்டிவிட்டான். "எண்ணுங்கப்பா" என்றான்.

அவர் எண்ணினார். இரண்டு விசில். இந்த முறை என் காது வலிக்கவில்லை, அல்லது வலித்தது எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாள், அரிசோனாவின் புகழ்பெற்ற அந்தப் பெரிய பள்ளத்தாக்கு. விளிம்பில் பனி, கீழே செக்கச்செவேலென்று ஆழம். டபுள் விசில் வழக்கம்போலத் தடுப்புக் கம்பிக்கு முதுகைக் கொடுத்து நின்று எங்களை எண்ணத் தொடங்கினார். மருமகன் தரையைப் பார்த்தான்.

நான் பக்கத்தில் போனேன். "சம்பந்தி, ஆளுகள நான் பாத்துக்கிடுதேன். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

புதிதாக வேலைக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு தடவ எண்ணணும்."

"எண்ணுதேன்."

விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார். திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார். மகன் போய் அவர் பக்கத்தில் நின்றான். வெகுநேரம் கழித்து, தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"எத்தன பேரு?"

"ஆறு, சம்பந்தி."

"சரி. அப்ப இன்னும் கொஞ்சம் பாக்குதேன்."

ஊருக்கு வந்ததிலிருந்து எல்லாரும் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். எனக்குச் சரியாகத் தெரியாது. முன்னாலிருந்து பின்னால் ஒரு தடவை, பின்னாலிருந்து முன்னால் ஒரு தடவை எண்ணிக்கொண்டிருந்தேன். கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் அவர் பார்த்து முடிக்கும்வரை விசில் அடிக்க எனக்கு மனசு வரவில்லை.