குடை எடுத்தால் மழை வரும்

யூட்டா பாலைவனத்துச் சிவப்புப் பாறைகளுக்கு நடுவே கல்யாணம் செய்துகொள்ள, ஊரைக் கூட்டாமல் நெருங்கின சொந்தம் நாலு பேரோடு ஓடிவருகிற ஜோடிகள் காப்பர் பென்ட் என்கிற சிற்றூரில் இறங்கியதும் முதலில் போட்டோக்காரரைப் பிடிப்பார்கள். அடுத்து பிரதர் ஸெனித்தின் காலைப் பிடிப்பார்கள். அவர் மழையைத் தடுத்து நிறுத்துகிற மகான். எங்கே? பாலைவனத்தில்! வழுக்கைத் தலையில் பேன் வராமல் காப்பதற்குக் கட்டணம் வாங்குகிற மாதிரி.

ஆண்டு முழுக்க வெயில் கொளுத்துகிற ஊரில் அவருடைய மந்திரம் பலிக்காமல் என்ன செய்யும்? ஆகஸ்ட் வந்தால்தான் மேகங்கள் கொஞ்சம் வாலாட்டும். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். மழைக்கு யாரும் தயாராகவே கூடாது. குடை கூடாது, கூடாரம் கூடாது, மாற்று இடம் கூடாது, போனில் வானிலை பார்ப்பது மகாபாவம். தயாரானால் வானம் "ஓகோ, என்னை அழைக்கிறார்கள்" என்று வந்து இறங்கிவிடுமாம். போன வாரம் ஒரு ஜோடி தொப்பலாக நனைந்தது. விசாரித்ததில், பெண்ணின் சித்தி கார் டிக்கியில் குடை வைத்திருந்தது தெரியவந்தது. பாவி சித்தி! அந்த ஜோடி பிரதரிடம் மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கொரு செப்புக் காப்பும் வாங்கிப் போட்டுக்கொண்டு போனது.

இந்த மகான் முன்பு லாஸ் வேகாஸில் நீச்சல் குளம் கட்டி விற்றவர். அப்போது தண்ணீரை விற்றார், இப்போது தண்ணீர் வராததை விற்கிறார். முன்னேற்றம்தான்.

லொரீனுக்கு அவர்மேல் துளியும் நம்பிக்கை இல்லை. அவள் பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிறவள். "தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன்" என்று வாயைத் திறந்துகொண்டே பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பழகியவள். ஆனால் அவள் கட்டிக்கொள்ளப் போகிற டெஸ்மண்டுக்குப் பிரதர் சொன்னதே வேதம். அவனுடைய முதல் கல்யாணத்தில், மோதிரம் மாற்றுகிற நேரத்தில் மழை கொட்டியது. ஓராண்டுக்குள் அந்த மனைவி போய்விட்டாள். மழைதான் குடியைக் கெடுத்தது என்று அவன் உறுதியாக நம்பினான். பழியை மழையின் தலையில் போட்டுவிட்டால் தன் தலை நனையாது அல்லவா?

கல்யாணத்தன்று காலையில் மோட்டல் அறையில் லொரீன் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு தார்ப்பாய், நாலு குடை. மேட்டுல ஒரு இடமும் பாத்து வச்சுக்குவோம். அவ்வளவுதான் டெஸ்."

"செல்லம், வேணாம். வரும்னு நெனச்சாத்தான் வரும்."

"நானும் கோடீஸ்வரி ஆவேன்னு நெனச்சுக்கிட்டேதான் இருக்கேன். வரக் காணோமே?"

"இதையும் நான் இழந்துட்டா தாங்க மாட்டேன் லொரீன்."

அவன் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அவன்மேல் கொள்ளை ஆசை, அதுதான் தொல்லை. குடைகளை அறையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மாலையில் நாலு ஜோடிகள், உறவுக்காரர் சிலர், போட்டோக்காரர்கள் என்று வறண்ட காட்டாற்றின் மணலில் கூட்டம் கூடியிருந்தது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவில் பூ வளைவு. டெஸ்மண்டின் அம்மா கிளாரிஸ், இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "சந்தேகப்படாம வண்டிகளைக் கீழயே நிறுத்துங்க" என்பது பிரதரின் கட்டளை. எல்லாக் காரும் மணலில்தான் நின்றன.

பிரதர் வெள்ளை அங்கி பறக்கச் செப்புக் கோலைச் சுழற்றினார். தலைக்கு மேலே வானம் சுத்த நீலம். கூட்டம் கைதட்டியது.

லொரீன் வடக்கே பார்த்தாள். தூரத்து மேட்டுநிலத்தின்மேல் கருமேகம் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. இந்தக் காட்டாறு அங்கேயிருந்துதான் வருகிறது. அங்கே பெய்தால் இங்கே வெள்ளம் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். டெஸ்மண்டுக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு அதை நினைக்கக் கூடாது, சட்டமாயிற்றே!

"பிரதர், வடக்கே கொட்டுது. வெள்ளம் வந்தா இந்த அம்மாவால ஓட முடியுமா?"

"மகளே, வானத்தைக் கட்டிப் போட்டிருக்கேன். இங்க ஒரு சொட்டு விழாது. உன் சந்தேகம்தான் இப்ப ஆபத்து."

"ஏய், உனக்கு வேணாம்னா நீ போ. எங்க கல்யாணத்தைக் கெடுக்காதே!" என்று இன்னொரு மணப்பெண் சீறினாள்.

டெஸ்மண்ட் லொரீனின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் நகரவில்லை.

"சரி, நான் வாயை மூடிக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். உங்க வேன் எங்க?"

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். உச்சிப் பாறையில், மூக்கை நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது மகானின் வேன்.

"நிழலுக்காக மேல விட்டேன்."

"நிழல் பூரா இங்கதானே இருக்கு? மேல வெயில் காயுதே!"

கிளாரிஸ் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"வேனைக் கொண்டாந்து எங்க காருக்குப் பக்கத்துல நிறுத்துங்க. அப்புறம் நானும் உங்க காப்பைப் போட்டுக்கறேன்."

"அது... வேன் இரும்பு. இரும்பு பக்கத்துல இருந்தா வானத்தோட தொடர்பு அறுந்துடும்."

"அப்ப எங்க காரெல்லாம் பஞ்சுலயா செஞ்சிருக்கு?"

"அதானே!" என்றாள் கிளாரிஸ். "கொண்டாந்து நிறுத்தேம்பா. கட்டிப் போட்ட வானம் எங்க போயிடப் போவுது?"

கூட்டத்தில் ஒருத்தரும் கைதட்டவில்லை. இப்போது எல்லாரும் வடக்கே பார்த்தார்கள்.

"கொண்டுவரேன், கொண்டுவரேன்" என்று பிரதர் மேலே ஏறினார். வேனின் பின்கதவைத் திறந்து செப்புக் கோலை உள்ளே வீசினார். அந்த அவசரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெரிய குடை சரிந்து, பாறையில் உருண்டு, நேராகக் கூட்டத்தின் நடுவில் வந்து விழுந்தது. வேன் கிளம்பியது. கீழே அல்ல, நெடுஞ்சாலைக்கு.

"குடையைப் பாத்தீங்களா? மழை யாரால வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா!" என்று கிளாரிஸ் கத்தினாள்.

டெஸ்மண்டுக்கு அப்போதுதான் தூக்கம் கலைந்தது. அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டான். "காரை மேல ஏத்துங்க! எல்லாரும் மேல!" என்று அலறினான். கடைசிக் கார் மேடேறிக் கொஞ்ச நேரத்தில் உறுமிக்கொண்டு வந்தது செந்நிற வெள்ளம். பூ வளைவையும் மிச்ச நாற்காலிகளையும் அடித்துக்கொண்டு போனது. பிரதர் வாக்குத் தவறவில்லை. வானத்திலிருந்து ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

பிறகுதான் மேகம் இங்கேயும் வந்தது. பாறைமேல், மகான் விட்டுப்போன குடைக்கடியில், லொரீனும் டெஸ்மண்டும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள்.

"மொத கல்யாணம் ஏன் போச்சுன்னு இப்பவாவது சொல்லு" என்றாள் லொரீன்.

அவன் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவ சொன்ன எதையும் நான் காதுல வாங்கினதே இல்ல."

அவள் அவனை இழுத்துக் கட்டிக்கொண்டாள். காலையில் இவள் சொன்னதையும் அவன் கேட்கவில்லைதான். ஆனாலும் காரணம் தெரிந்துவிட்டதே!

பக்கத்தில், சற்று முன் சீறிய மணப்பெண் தன் மாப்பிள்ளையிடம் கிசுகிசுத்தாள்: "அடுத்த ஊர்ல வெள்ளத்தை நிறுத்தறவர் ஒருத்தர் இருக்காராமே, விசாரிப்போமா?"

வானத்துக்குக் காது கிடையாது, அம்மணி. உனக்கு இரண்டு இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே, அதை நனையாமல் வைத்திருந்தது போதும். கொஞ்சம் வெளியே எடுத்துப் பயன்படுத்து!