எடைக்கு எடை வெல்லம்

சேலத்தில் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே தீனியைப் போட்டு, இரண்டு பேரிடமும் நல்ல பெயர் வாங்கிய ஒரே ஆள் எங்கள் கம்பவுண்டர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அது எங்களுக்குத் தெரியாது. தபால்காரர்கூட வாசலில் நின்று, "கம்பவுண்டர் இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை, அதில் மூன்று பேர். ஒருவர் ஆத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். அவரையும் கண்டக்டர் என்றே கூப்பிடுவோம். இன்னொருவர், ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த நம் கம்பவுண்டர். மூன்றாவது ஆள் நான். ராசிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் வேலைக்கென்று வீட்டைவிட்டு வந்தவன். மையும் ஈயமும் கலந்த அந்த வாசனையில் எனக்கு ஒரு மயக்கம். அதை விட்டுவிட்டு மறுபடி தறிக்குழியில் காலை விடுவது என்றால் எனக்கு உயிர் போய்விடும்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நான் கிளம்பிய அன்று நூல் மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டார்.

"நல்லாப் பாத்துக்கடா. இதுதான் நீ எங்க ஊட்டுச் சோறு தின்ன எடை. ஆடிக்கு நாங்க சேலம் வருவோம். இதே எடைக்கு வெல்லம் நிறுத்துக் கொண்டாருவேன். நீ ஒரு தட்டு, வெல்லம் ஒரு தட்டு. உன்ற தட்டு மேல போச்சுன்னா, அப்படியே மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊட்டுக்கு வந்துடோணும்" என்றார்.

வெல்லம் எதற்கென்றால், அம்மா அதற்குள் வேண்டிக்கொண்டுவிட்டாள். மகன் போகிற ஊரில் இருக்கும் மாரியம்மனே அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆடியில் அவள் கோயிலிலேயே எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிறேன் என்பது அவளுடைய நேர்த்தி. அப்பா பலே ஆள். அம்மாவின் வேண்டுதலையே என்னைச் சோதிக்கும் தராசாக ஆக்கிவிட்டார்.

சேலத்துக்கு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. என் சம்பளத்தில் அறை வாடகை போக மிச்சம் இருந்தது, கிளப்புக் கடைச் சாப்பாட்டுக்குப் பாதி மாதம்கூடத் தாங்கவில்லை. மீதிப் பாதியில் ஒரு நாள், வயிற்றில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு பாயில் சுருண்டு கிடந்தேன். கம்பவுண்டர் உள்ளே வந்தார். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"நாக்கை நீட்டுங்க சாமி."

நீட்டினேன்.

"இது சீக்கில்லீங்க, பசி. இதுக்கு மருந்து என்றகிட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். அன்று பற்றிய அடுப்பு, நான் அந்த அறையில் இருந்தவரை அணையவில்லை.

அந்தக் காலத்தில் மருந்துப் புட்டியின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றை ஒட்டித் தருவார்கள். ஒரு பல் ஒரு வேளை. கம்பவுண்டர் அந்தப் பட்டையை எங்கள் சமையல் பாத்திரம் அத்தனையிலும் ஒட்டிவிட்டார். ராகிக்கூழ்ப் பானையில் ஒன்று, கொள்ளு ரசச் சட்டியில் ஒன்று, மோர்ச் சொம்பில் ஒன்று. கூழைக் குடிக்கும் முன் "நல்லாக் குலுக்கிக்கிட்டுக் குடிங்க" என்பார். ஒருமுறை கண்டக்டர் அப்படியே குலுக்கி, கூழ் முழுவதும் அவருடைய காக்கிச் சட்டையில் போய்விட்டது.

"ஏனுங்க கம்பவுண்டர், இது சோறா, மருந்தா?" என்று கண்டக்டர் சண்டைக்கு வந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. ரெண்டையும் தனித்தனியா வாங்கறவன்தான் எங்க டாக்டரைப் பங்களாக் கட்ட வெக்கறான்."

சந்தைக்கு அவர் போகும் அழகே தனி. செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் ஊரெல்லாம் காலையில் வாங்கும். நம்மவர் சந்தை கலைகிற நேரத்துக்குத்தான் பையை எடுப்பார். போனதும் விலை கேட்கமாட்டார். விற்காமல் மிஞ்சிய கத்தரிக்காய் மூட்டைக்கு முன்னால் நின்று பெருமூச்சு விடுவார்.

"இத்தனையும் சுமந்துக்கிட்டு அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் நடக்கோணுமுங்களே! உங்க இடுப்பு என்னத்துக்குங்க ஆகறது?"

அதுவரை நன்றாக இருந்த காய்காரருக்கு அந்த நிமிஷமே இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு பை நிறையக் காயைக் கொட்டிவிடுவார். கம்பவுண்டரும் நாணயஸ்தர். அடுத்த வாரம் மறக்காமல் இடுப்புக்குத் தைலம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். கடைசியில் பாதிச் சந்தை அவருடைய தைலத்துக்காகவே பொழுது சாயும்வரை காத்திருந்தது.

அவருக்கு ஊர் பரமத்தி வேலூர். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் வாழைத்தண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். வாழைத்தண்டு முடிந்தால் வாழைப்பூ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாங்கள் ஊருக்கு மூட்டை கட்டுவோம். அவர் மட்டும் அறையிலேயே இருந்து பாத்திரங்களுக்குப் புதுக் காகிதப் பட்டை ஒட்டிக்கொண்டிருப்பார்.

வீட்டுக்காரருடைய வெள்ளாட்டுக்கும் அவருக்கும்தான் ஒத்துவரவில்லை. கொல்லையில் நின்ற அகத்தி மரத்துக்கு இரண்டு பேரும் பாத்தியதை கொண்டாடினார்கள். ஆடு எழுந்திருக்கும் முன் இவர் எழுந்து எட்டும் கிளையில் இருந்த கீரையை எல்லாம் ஒடித்துவிடுவார். நாங்கள் தேறத் தேற அந்த ஆடு இளைத்தது. அவர் தலையைக் கண்டாலே ஒப்பாரி வைப்பதுபோலக் கத்தும். வீட்டுக்காரர் வாடகை வாங்க வரும்போதெல்லாம் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆட்டைத் தடவிக்கொடுப்பார்.

ஒரு நாள் மாலை, தட்டில் கறுப்பாக எதையோ உடைத்துப் போட்டார். கூடவே ஒரு துண்டு கருப்பட்டி. வாயில் போட்டால் எள் மணம்.

"என்னங்க இது?"

"செக்குல எண்ணெய் ஆட்டின எள்ளுப் புண்ணாக்குங்க. இன்னைக்கு எடுத்தது, சுடச்சுட."

கண்டக்டர் எழுந்தே விட்டார். "புண்ணாக்கா! மாட்டுக்குப் போடறதாச்சேய்யா!"

கம்பவுண்டர் அவசரப்படவில்லை. தெருவில் வண்டியில் பூட்டியிருந்த காங்கேயம் காளையைக் காட்டினார். பிறகு கண்டக்டரின் விலா எலும்பைக் காட்டினார். "அது எப்படி இருக்குது, நீங்க எப்படி இருக்கறீங்க? நீங்களே பாருங்க."

கண்டக்டர் காளையைப் பார்த்தார், தன் விலாவைப் பார்த்தார், உட்கார்ந்து இன்னொரு துண்டு கேட்டார்.

என் தராசு விவகாரத்தைக் கேட்டதிலிருந்து கம்பவுண்டர் அதைத் தன் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் என்னை விறகுக் கடைக்கு அழைத்துப்போய் விறகு நிறுக்கும் தராசில் ஏற்றுவார். கடைக்காரர் என்னைச் சுற்றிவந்து பார்த்து, "பச்சையா, காஞ்சதாங்க?" என்று கேட்பார். வாரத்துக்கு வாரம் தட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. வைகாசியில் நான் ராசிபுரத்து எடையைத் தொட்டேன். கம்பவுண்டர் விறகுக் கடையிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கண் பட்டுவிட்டது. ஆனி பிறந்ததும் முறைக்காய்ச்சல் வந்து என்னைப் பிழிந்து போட்டது. குளிர் விட்டு எழுந்தபோது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. விறகுக் கடைக்காரர் என்னைத் தட்டில் ஏற்றிவிட்டு, "சுள்ளிக்கெல்லாம் நான் தனியா நிறுக்கறதில்லீங்க" என்றார். ஆடிக்கு ஒரு மாதம்கூட இல்லை. என் கண் முன்னால் தறிக்குழி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அன்று அழுதேவிட்டேன்.

கண்டக்டருக்கு என்மேல் பாசம். ஒரு கோணியைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். கலகலவென்று இரும்பு விழுந்தது.

"அத்தனையும் பஸ்ஸு நட்டு போல்ட்டு. வேட்டிக்குள்ள இடுப்பைச் சுத்திக் கட்டிக்க. உங்கப்பனைப்போல ரெண்டு பேரு வந்தாலும் தட்டைத் தூக்க முடியாது."

கம்பவுண்டர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அம்மன் தராசுல இரும்பை வெக்கறதா? அப்புறம் நான் கிண்டின கூழுக்கு என்னங்க மருவாதி? எடுங்க அதை! உங்க பஸ்ஸு நடுவழியில கழண்டு நிக்கப்போகுது" என்றார். கண்டக்டருக்கு அப்போதுதான் அந்த யோசனையே வந்தது. கோணியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஷெட்டுக்கு ஓடினார்.

அது மாம்பழக் காலம். சேலத்தில் மாம்பழக் காலம் என்றால் கேட்கவேண்டாம். கம்பவுண்டர் மண்டிகளில் நுழைந்து, கூடையில் நசுங்கி விற்காமல் கிடந்த குண்டு மாம்பழங்களைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். அடிபட்ட இடத்தைச் சீவி எறிந்துவிட்டு மீதியை எனக்கு ஊட்டினார். காலையில் ராகிக்கூழ், மதியம் கொள்ளும் சோளச்சோறும், மாலையில் அவித்த நிலக்கடலை, இடையிடையே மாம்பழம். இரவில் எழுந்து தண்ணீர் கேட்டால்கூட அதிலும் ஒரு மாம்பழத்தைப் பிழிந்துவிடுவார். நான் கொட்டாவி விட்டால் அறையில் மாம்பழ வாசனை வீசியது.

ஆடி வந்தது. எங்கள் தெருக்கோடியில் இருந்த மாரியம்மன் கோயிலில் ஒரே கூட்டம். அப்பாவும் அம்மாவும் மாட்டு வண்டியில் வெல்லத்தோடு வந்து இறங்கினார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்தே எடை போட்டார். காய்ச்சல் களைப்பு இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை. "தறி காலியாத்தான் இருக்குது" என்றார்.

வெல்லத்தை ஒரு தட்டில் அடுக்கினார்கள். இன்னொரு தட்டில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பூசாரி கையை எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பின்னால் கம்பவுண்டர் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. மந்திரம் என்றுதான் நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், "கொள்ளு, கடலை, கூழு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தட்டு கொஞ்சம் ஆடியது. பிறகு சாவகாசமாக இறங்கித் தரையில் பட்டது. என் தட்டுதான்.

"வெல்லம் பத்தலையே!" என்று பூசாரி கத்தினார்.

அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. மகன் தேறிவிட்ட மகிழ்ச்சி ஒரு கண்ணில், இன்னும் வெல்லம் வாங்கவேண்டிய வேதனை மறு கண்ணில். கடைக்கு ஓடி வாங்கிவந்து ஏற்றிய பிறகுதான் தட்டுகள் சமமாக நின்றன. இறங்கி வந்த என் தோளைத் தட்டி, "சரி, அச்சாபீஸையே பாத்துக்கடா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்டக்டர் என்னைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். உடனே மூச்சு வாங்கி இறக்கிவிட்டார்.

அம்மா மட்டும் கூட்டத்தில் யாரையோ தேடினாள். ஒரு தூண் ஓரத்தில், கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு கம்பவுண்டர் நின்றுகொண்டிருந்தார். நேரே அவரிடம் போனாள்.

"உங்களுக்கு ஆரு வேண்டிக்கிட்டாங்க சாமி?"

"எனக்கா?" என்று கம்பவுண்டர் சிரித்தார். "எங்கம்மா நான் தவழறப்பவே போயிட்டாங்க. வேண்டிக்க ஆளில்லைன்னு தெரிஞ்சுதானோ என்னமோ, எனக்கு ஒரு நோக்காடும் வாரதில்லீங்க. வாழைத்தண்டு தின்னா..."

"தண்டு இருக்கட்டும். இப்ப நான் வேண்டிக்கறேன். தட்டுல ஏறுங்க."

"ஏ புள்ளே, வெல்லம்..." என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அப்பா மறுபடி கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கீரைக்கட்டைக் கீழே வைக்கச் சொன்னால் வைக்கமாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டு தராசில் உட்கார்ந்தார். "அதுவும் அம்மனுக்கு ஆகட்டும்" என்றாள் அம்மா. எதிர்த்தட்டில் வெல்லம் ஏற ஏற, வாழைத்தண்டு மனிதர் கீரைக்கட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். இறங்கியபோது கண் சிவந்திருந்தது. "கற்பூரப் புகைங்க" என்றார். அந்தப் பக்கம் யாரும் கற்பூரமே ஏற்றவில்லை.

பிரசாதமாக வந்த வெல்லத்தை அறைக்குக் கொண்டுவந்து ஒரு ஜாடியில் போட்டார். அதற்கும் காகிதப் பட்டை ஒட்டினார். தினம் ஒரு பல் அளவு எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்பார். புண்ணாக்கைக்கூட எங்களுக்கு ஊட்டிவிட்ட மனிதர், அந்த வெல்லத்தில் மட்டும் எங்களுக்கு ஒரு துளிகூடத் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஜாடி காலியானதும் அம்மாவுக்கு ஒரு கார்டு போட்டேன்: அடுத்த ஆடிக்கும் கம்பவுண்டருக்கு வேண்டிக்கொள் என்று. அதற்குப் பிறகு எத்தனையோ ஆடிகளில் அம்மா எனக்கு வேண்டிக்கொள்ள மறந்திருக்கிறாள். அவருக்கு ஒருமுறைகூட மறக்கவில்லை. அதில் எனக்கு அன்றும் பொறாமை இல்லை, இன்றும் இல்லை.