மச்சானுக்கு எதிராக ஒரு மோடம்

இனி இந்த வீட்டில் தன்னைக் கேட்காமல் ஒரு போன்கூட வரக் கூடாது, போகக் கூடாது என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவெடுத்தார். முடிவெடுத்தபோது மனைவி வீட்டில் இல்லை. அவருடைய பெரிய முடிவுகள் எல்லாமே அந்த மாதிரி நேரம் பார்த்து எடுத்தவைதான்.

விஷயம் இதுதான். மனைவியின் அண்ணனுக்கு இந்த ஊருக்கே மாற்றல் வந்துவிட்டது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், தங்க இடம் இல்லை. மெக்கானிக் வீட்டில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. சும்மா என்பது மனைவியின் கணக்கு. மெக்கானிக்குக்கு அதுதான் உலகம். பழைய லிஃப்ட் பொத்தான்கள், ஒரு கம்ப்யூட்டர், காலை நீட்ட ஒரு நாற்காலி, சாத்திக்கொள்ள ஒரு கதவு. கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கென்று மிஞ்சிய சொத்து அவ்வளவுதான். மச்சானோ பெரிய குறட்டைக்காரர். விழித்திருக்கும்போது அறிவுரை சொல்வார். இரண்டில் குறட்டையே தேவலை.

நல்ல வேளையாக மச்சானுக்கு ரோஷம் அதிகம். அவருடைய ரேடியோவை மெக்கானிக் ரிப்பேர் செய்து கொடுத்த நாளிலிருந்து ரேடியோவும் பேசவில்லை, மச்சானும் பேசவில்லை. "மாப்பிள்ளை தன் வாயால கூப்பிட்டா வர்றேன். இல்லேன்னா லாட்ஜ்ல கிடந்துக்கறேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டார்.

"ஒரே ஒரு வார்த்தை, வாங்க மச்சான்னு சொல்லுங்களேன். முத்தா உதிர்ந்துடும்?" என்று மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே சுற்றினாள்.

போன் இருந்தால்தானே சொல்ல வேண்டும்? அதன் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. "ஐயய்யோ, இது எப்ப வேணா வெடிக்கும்" என்று பிடுங்கி, ரிப்பேர் என்ற பெயரில் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார். அவர் வைத்திருந்ததோ கம்பெனி போன். வேலை முடிந்ததும் அங்கேயே கொடுத்துவிட்டு வர வேண்டியது.

"அதுவரைக்கும் நான் யார்கூடவும் பேச வேண்டாமா?"

"அதுக்குத்தான் இது" என்று மேஜைமேல் ஒரு பெட்டியை வைத்தார். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் வெளியே பேசுவதற்காக மாட்டும் மோடம் அது. ஒரு குட்டி ஏரியல், மைக், ஸ்பீக்கர். அதில் மனைவியின் சிம்மைச் செருகி, ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார்.

"பட்டன் எங்கே?"

"பட்டனெல்லாம் பாமரர்களுக்கு. இது கட்டளைக்குத்தான் கட்டுப்படும். போன் பண்ண ஏ, டி, டி. அப்புறம் நம்பர். கடைசியில ஒரு அரைப்புள்ளி."

"அரைப்புள்ளி எதுக்கு?"

"அது இல்லேன்னா நீ பேசப்போறேன்னு அதுக்குத் தெரியாது. இன்னொரு கம்ப்யூட்டர்கூடப் பேசப்போறேன்னு நினைச்சுக் கீச்கீச்சுன்னு கத்தும்."

"ஒரு போன் பண்ண இலக்கணம் படிக்கணுமா?"

"வர்ற போனை எடுக்க ஏ, டி, ஏ. வைக்க ஏ, டி, எச்."

ஒற்றை விரலால் அவர் தட்டிக் காட்டிய கட்டளைக்கெல்லாம் பெட்டி திரையில் 'ஓகே' என்று பதில் சொன்னது. அந்த வீட்டில் அவர் சொன்னதற்கு மறுபேச்சில்லாமல் ஓகே சொன்ன முதல் ஜீவன். அவருக்கு லேசாகக் கண் கலங்கிவிட்டது.

மனைவி பெட்டியையே பார்த்தாள். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் இதையெல்லாம் டைப் அடிச்சிட்டா இருப்பான்?"

கேள்வி அறிவாளித்தனமாக இருக்கவே மெக்கானிக் குளிர்ந்துபோனார். "அங்க வெளியிலேர்ந்து போன் பண்ணினா, ஒரு தடவை மணி அடிச்சதும் தானாவே எடுத்துக்கும். இங்கே நான் அந்தப் பழக்கத்தை நிறுத்தி வெச்சிருக்கேன். கரண்ட் போயிட்டு வந்தா மட்டும் பழைய புத்தி வந்துடும்."

"ஓஹோ" என்றாள் மனைவி.

இத்தனை வருஷமாக அந்த ஓஹோவோடு குடித்தனம் நடத்துகிறவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அன்று இரவே மணி அடித்தது. திரையில் மச்சானின் நம்பர். மெக்கானிக் சாவகாசமாக ஏ, டி, எச் தட்டினார். மணி நின்றது.

"யாருங்க?"

"லோன் வேணுமான்னு கேக்கறாங்க."

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும்போது கீபோர்டை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் வந்ததும் காவல்காரன் மாதிரி பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மனைவியும் போன் பேச்சையே எடுக்கவில்லை. கட்டளை போடத் தெரிந்தவனிடம் உலகமே அடங்கும் என்று அவருக்குத் தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி ஒரு பெட்ஷீட்டோடு அறைக்குள் வந்தாள். "அந்த ரெண்டு முனையைப் பிடிங்க, மடிக்கணும்."

எழுந்து பிடித்தார். கம்ப்யூட்டருக்கு முதுகு, இரண்டு கையிலும் துணி. பின்னால் ஒரே ஒரு மணி அடித்து நின்றது.

"மணி அடிச்சுதே?"

"நின்னுடுச்சே. வேணும்னா மறுபடி பண்ணுவாங்க. கீழ தொங்குது பாருங்க, நல்லா இழுத்துப் பிடிங்க." இழுத்துப் பிடித்தார். "அண்ணன்கூட எதிர்வீட்டு டீச்சர் போன்ல பேசினேன்."

மெக்கானிக் இழுத்துப் பிடித்திருந்த முனையைத் தளரவிட்டார்.

"அண்ணனுக்கு ஆபீஸ்லயே குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்களாம். இனி இங்க வர்ற பேச்சே இல்லையாம்."

அப்பாடா. சந்தோஷம் காலிலிருந்து தலைக்கு ஏறியது. வராதவரை உபசரிப்பதில் என்ன குறை வைப்பது? "அடடா, என்ன இப்படிப் பண்ணிட்டார்?"

"ஏன், உங்களுக்கு நிம்மதிதானே?"

"எனக்கா? மச்சான் வரணும்னு நான் எவ்வளவு ஆசையா இருந்தேன் தெரியுமா? இந்த ரூமையே ஒழிச்சுக் குடுக்கலாம்னு இருந்தேன்."

"நிஜமாவா?"

"நான் ஹால்ல படுத்துக்க மாட்டேனா? ஒரு வாரம், பத்து நாள் கணக்கெல்லாம் நமக்குள்ள எதுக்கு? ரிட்டயர் ஆகற வரைக்கும் இங்கேயே இருங்க மச்சான்னு சொல்லியிருப்பேன். அவர் அறிவுரைன்னா எனக்கு உயிராச்சே."

"மாப்பிள்ளை..." என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் தழுதழுத்தது.

மெக்கானிக்கின் கையிலிருந்து பெட்ஷீட் நழுவியது. பெட்டி மூக்கை உறிஞ்சியது.

"உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனே மாப்பிள்ளை. கூப்பிட்டுப் பேசாம கேட்டுக்கிட்டே இருன்னு தங்கச்சி சொன்னா, நான்தான் நம்பலை. காலையில சாமானோட வந்துடறேன்."

மெக்கானிக் கீபோர்டுக்குப் பாய்ந்தார். கால் பெட்ஷீட்டில் சிக்கியது. எழுந்து விரலை நீட்டுவதற்குள் அந்தப் பக்கமே போனை வைத்துவிட்டார்கள்.

"பிளக்கைப் பிடுங்கினியா?"

"கீபோர்டை நீங்க பூட்டி வெச்சிருந்தீங்க. பிளக்கு சுவத்துல சும்மாதான் இருந்தது. தூசி தட்டிட்டுத் திரும்பச் சொருகினேன்."

"அப்போ குவார்ட்டர்ஸ்?"

"எந்த குவார்ட்டர்ஸ்?" என்ற மனைவி பெட்ஷீட்டை எடுத்துத் தனியாகவே மடித்தாள். அவளுக்கு எப்போதுமே அது தனியாக வரும். மடித்ததை அவர் கையில் கொடுத்தாள். "ஹால்ல விரிச்சுக்கோங்க."

"எத்தனை நாளைக்கு?"

"நீங்கதானே ரிட்டயர் ஆகற வரைக்கும்னு சொன்னீங்க? அண்ணனுக்கு இன்னும் பதினாறு வருஷம் சர்வீஸ் இருக்கு."