நண்டுத் தீவில் நான் கொண்டாடிய திருவிழா

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்தப் பழமொழியைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் எட்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் அதை நானே நிரூபித்துக் காட்டினேன். தனியாகச் செய்திருந்தாலாவது போகட்டும். என் தங்கையைக் கட்டிக்கொடுக்கப் போகிற குடும்பத்தையும் படகில் ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் கண்முன்னால் நிரூபித்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் சந்திரன் அங்கிள். தங்கை கவிதாவுக்குச் செமினியில் வரன் பேசி முடித்திருந்தோம். ஐப்பசி பிறந்ததும் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மா சரோஜா ஆன்டி தங்கமான மனுஷி. அவருடைய அண்ணன்தான் இந்தச் சந்திரன் அங்கிள், பினாங்குக்காரர். அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் ஒரு துரும்பும் நகராது. அதனால் அவரைக் குளிர வைக்கும் பொறுப்பை அம்மா என் தலையில் கட்டியிருந்தார். (கோபக்காரனிடம் கொடுக்கிற பொறுப்பா இது? அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.)

அங்கிள் வாயைத் திறந்தால் "எங்க பினாங்குல" என்றுதான் திறப்பார். கிள்ளானில் எங்கள் வீட்டு ரசத்தைக் குடித்துவிட்டு, "எங்க பினாங்குல ரசமே வேற மாதிரி லா தம்பி" என்றார். பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போய் வாழை இலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் முறை சோறு வாங்கி, மூன்றாம் முறை மோர் வாங்கி, இலையை மடித்துவிட்டுச் சொன்னார்: "திருவிழான்னா பினாங்கு. சாப்பாடுன்னா பினாங்கு. தீவுல பொறந்தவனுக்குத்தான் அதெல்லாம் தெரியும். இங்க என்ன இருக்கு? ரோட்டுல ஜாம்தான் இருக்கு."

எனக்கு நெற்றியில் நரம்பு துடித்தது. நான்கு தலைமுறையாகக் கிள்ளான். எங்கள் ஊரை, என் காசில் சாப்பிட்டுவிட்டு, என் எதிரிலேயே!

"அங்கிள், எங்க பக்கத்துலயும் தீவு இருக்கு. புலாவ் கெத்தாம். சனிக்கிழமை வாங்க, திருவிழாவும் காட்டுறேன், சாப்பாடும் காட்டுறேன்" என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். கெத்தாம் என்றால் நண்டு. அந்தத் தீவுக்கு மனிதர்கள் போவதே நண்டு சாப்பிடத்தான். அப்போது புரட்டாசி மாதம். சரோஜா ஆன்டி வீட்டில் முட்டை வாசனைகூட ஆகாது. ஆனாலும் என்னிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. அந்த வாரம் சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழா. ஒன்பது நாளும் மஞ்சள் துணி தொங்கவிட்டு, பக்தர்கள் வெள்ளை உடுத்தி, சைவம் சாப்பிடுவார்கள், வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவார்கள் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னது அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. அது போதாதா?

சனிக்கிழமை அங்கிள், ஆன்டி, கவிதா, நான் என நான்கு பேரும் கிளம்பினோம். போர்ட் கிள்ளான் படகுத்துறையிலேயே அங்கிள் ஆரம்பித்துவிட்டார். "இதான் ஃபெரியா? எங்க பினாங்கு ஃபெரில காரையே ஏத்தலாம்." நான் பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் வாங்கினேன். தீவில் இறங்கியதும், சேற்றுக்கு மேல் தூண்கள் நட்டுக் கட்டிய வீடுகளையும் குறுகலான நடைபாதையில் பாய்ந்து வரும் சைக்கிள்களையும் பார்த்து ஆன்டி ஆசையாகப் படம் எடுத்தார். அங்கிள் மூக்கை மட்டும் பொத்திக்கொண்டார். கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் நண்டு. பொரித்த நண்டு, அவித்த நண்டு, மிளகாய் போட்ட நண்டு. மணி ஒன்றரை.

"புரட்டாசில நண்டுத் தீவுக்குச் சம்பந்திய கூட்டிட்டு வந்த மொத ஆளு நீதான் தம்பி" என்றார் அங்கிள்.

கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. அந்த அடைத்த காதிலும் தாளச் சத்தம் கேட்டது. தூரத்தில் மேளம், மணி. திரும்பிப் பார்த்தால் ஒரு வீட்டு முன்னால் கூடாரம், வட்ட மேசைகள், வெள்ளைச் சட்டையில் ஆட்கள். மஞ்சள் துணிகூடத் தொங்கியது.

"அதோ! திருவிழா!" என்று கத்தினேன். நம் நாட்டில் கூடாரம் போட்டு மேசை விரித்திருந்தால் யாரும் உள்ளே போகலாம் என்பது நான் தாய்ப்பாலோடு குடித்த பாடம். ஹரி ராயாவா, தீபாவளியா, சீனப் புத்தாண்டா, கூடாரத்தைக் கண்டால் கால் தானாகவே நுழையும். நுழைந்தது.

ஒருவர் ஆளுக்கு ஊதுபத்தி கொடுத்தார். உள்ளே மேசையில் பூக்களுக்கு நடுவே ஒரு பெரியவரின் படம். "கோயில் கட்டினவரா இருக்கும்" என்று விளக்கம் சொன்னேன். அங்கிள் கண்ணை மூடி, வாய்விட்டே வேண்டினார்: "பிள்ளைங்க கல்யாணம் தடங்கல் இல்லாம நடக்கணும் சாமி." ஆன்டி பேரப்பிள்ளை கேட்டார். நாங்கள் கும்பிட்டதும், ஓரத்தில் வெள்ளை உடையில் இருந்தவர்கள் மண்டியிட்டுத் தலை வணங்கினார்கள். "பாத்தீங்களா அங்கிள், மரியாதைய? பினாங்குல உண்டா?" என்றேன். அங்கிள் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டார். என் வாழ்க்கையின் மிக இனிய நிமிடம் அது.

கவிதாதான் என் காதருகே வந்தாள். "அண்ணே, எல்லாரும் ஏன் அழுத மாதிரி இருக்காங்க?"

"விரதம்டி. ஒம்பது நாளு நீ கறி இல்லாம இருந்து பாரு, உன் மூஞ்சி எப்படி இருக்குன்னு!"

சாப்பாடு பிரமாதம். சைவ மீ ஹூன் நூடுல்ஸ், காளான், மாவில் செய்த பொய்க்கறி. அங்கிள் மூன்று தட்டு சாப்பிட்டார். ஆளுக்கொரு மிட்டாயும் சிவப்பு நூலும் கொடுத்தார்கள். அங்கிள் அந்த நூலைத் தம் மணிக்கட்டில் கட்டி, கவிதாவுக்கும் கட்டிவிட்டு, "தீர்க்க சுமங்கலியா இரும்மா" என்றார். நான் இருந்த உற்சாகத்தில், மிச்சமிருந்த பொய்க்கறியைப் பார்த்து, "போலே புங்குஸ்?" என்று மலாயில் கேட்டு, வீட்டுக்குக் கட்டித்தரவும் சொன்னேன். கட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, வெள்ளை உடையில் நின்ற நடுத்தர வயதுப் பெண்ணின் கையைக் குலுக்கி, "ஹேப்பி ஃபெஸ்டிவல்! அடுத்த வருஷமும் குடும்பத்தோட வருவோம்!" என்று ஆங்கிலத்தில் வாழ்த்தினேன்.

அந்தப் பெண் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அங்கிளிடம் திரும்பி மலாயில் மெதுவாகக் கேட்டார்: "அங்கிள், எங்கப்பாவ உங்களுக்கு எங்க பழக்கம்?"

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்து, படத்துக்குப் பின்னால் இருந்த திரை விலகியது. பின்னால் சவப்பெட்டி இருந்தது.

என் கையில் பொட்டலம். கவிதா கையில் சிவப்பு நூல். ஆன்டியின் முகத்தில் ரத்தம் இல்லை. நிச்சயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பெண்ணையும் சம்பந்தியையும் சாவு வீட்டில் உட்கார வைத்து, பொய்க்கறி போட்டு, பிணத்திடம் கல்யாணம் நடக்க வேண்டுதல் வைக்கச் செய்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொன்னது அங்கிள்தான்.

"போர்ட்ல பழக்கம்மா. முப்பது வருஷம். ரொம்ப நல்ல மனுஷன்" என்று மலாயில் சொன்னார். சொல்லிக் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் தலையசைத்தார். வாசலில் பூ மிதக்கும் தண்ணீர் வாளியைக் காட்டி, முகம் கழுவிக்கொண்டு போகச் சொன்னார். எங்கள் வீட்டு மஞ்சள் தண்ணீர் மாதிரியே அதுவும், அந்த மிட்டாயும் சிவப்பு நூலும்கூடத் தீட்டுக் கழிக்கத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. பள்ளியில் சீனன் பக்கத்தில் உட்கார்ந்தேன், புத்தாண்டுக்கு அவன் கொடுத்த ஆரஞ்சைத் தின்றேன், ஆனால் அவன் வீட்டு இழவுக்கும் திருவிழாவுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பினாங்குக்காரரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

படகுத்துறையில் கால் வைத்ததும் அங்கிள் வெடித்தார்.

"அறிவிருக்காடா உனக்கு? நல்ல காரியம் பேசற வீட்ட இழவு வீட்ல கொண்டுபோய் உக்கார வெச்சிருக்க! அதுல புங்குஸ் வேற! கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல! சரோஜா, செமினி போனதும் போன் போட்டு வேணாம்னு சொல்லிரு!"

"நீங்க பினாங்கு பினாங்குன்னு உயிர எடுத்தீங்க, அதான்!" என்று நானும் கத்தினேன். "பினாங்குல சீனர் சாவே நடக்காதா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல? மூணு தட்டு சாப்பிட்டீங்களே!" நண்டு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கவிதா படகில் போய்த் தனியாக உட்கார்ந்து, கையிலிருந்த நூலைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அவள் அழுத பிறகுதான் என் வாய் நின்றது. அவள் கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான்.

பாதி வழியில் சரோஜா ஆன்டி எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, கல்யாணம் தடங்கல் இல்லாம நடக்கணும்னு அந்தப் பெரியவர்கிட்ட நீங்களே வாய்விட்டு வேண்டினீங்க. நானும் வேண்டினேன். அவரு வீட்டுச் சோத்தயும் சாப்ட்டாச்சு. இப்ப நாமளே நிறுத்தினா, அவருக்கு என்ன பதில் சொல்றது?"

அங்கிள் கடலைப் பார்த்தார். "அந்த ஆளு சாமியா?"

"செத்தவங்க எல்லாம் சாமிதானே. அதோட பொணம் எதிர்ல வந்தாலே நல்ல சகுனம். நாம தேடிப்போயில்ல பாத்திருக்கோம்."

வேண்டாம் என்று சொல்லும் அந்தப் போன் வரவேயில்லை. ஐப்பசியில் நிச்சயம் நடந்தது, மாசியில் கல்யாணம். தடங்கலே இல்லை, மழைகூடப் பெய்யவில்லை. வேண்டுதல் பலித்துவிட்டது, நன்றி சொல்லாவிட்டால் குற்றம் என்று ஆன்டி கையில் லட்டு டப்பாவைத் திணித்து என்னையே தீவுக்கு அனுப்பினார். அந்தப் பெண்ணின் பெயர் மெய் லிங். அவரிடம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

மெய் லிங் சிரித்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க கும்பிட்டப்பவே சந்தேகம், அங்கிள் பதில் சொன்னதும் உறுதியாயிருச்சு. எங்கப்பாவுக்குக் கடல்னா பயம். வாழ்நாள்ல போர்ட் பக்கமே போனதில்ல."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அந்த அங்கிள் மூணாவது தட்டுல இருந்தாரு லா. சாப்பிடறவர எப்படிப் போகச் சொல்றது?"

அந்த வருடத்திலிருந்து தீபாவளிக்கு எங்கள் வீட்டுக் கூடாரத்துக்கு மெய் லிங் தவறாமல் வருகிறார். சந்திரன் அங்கிளும் வருகிறார், முறுக்கைக் கடித்து "எங்க பினாங்குல" என்கிறார். எனக்கு இன்னும் நரம்பு துடிக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் மெய் லிங் கையில் ஒரு டப்பாவோடு எழுந்து நிற்பார். வீடே பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். அவர் நேராக என்னிடம் வந்து, "போலே புங்குஸ்?" என்று கேட்பார். கட்டிக் கொடுப்பேன். என் கையைப் பிடித்துக் குலுக்கி, தெருவுக்கே கேட்கிற குரலில் சொல்வார்:

"ஹேப்பி ஃபெஸ்டிவல்! அடுத்த வருஷமும் குடும்பத்தோட வருவோம்!"