ஒயில் அண்ணையின் பேதிக் கார்

ஒரு காரைப் பெற்ற பிள்ளையைப்போல வைத்து அதற்கு ஆமணக்கெண்ணெய் பருக்கின மனுசன் இந்த யாழ்ப்பாணத் தீவுப்பகுதி முழுவதிலும் ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வளவு ஒயில் அண்ணை.

கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற வேலை அவருக்கு. அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் கலியாண எழுத்தில் மட்டும் இருந்தது.

எண்பதாம் ஆண்டை ஒட்டி என்று நினைக்கிறேன். லீவில் வந்த கப்பல்காரர் எல்லாரும் ரேடியோவும் சேலையும் கொண்டுவர, இவர் யப்பானில் இருந்து ஒரு ரேசிங் கார் கொண்டுவந்தார். ஒரு முழ நீளம். கையில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றே ஓட்டலாம். பற்றரியில் உருளுகிற விளையாட்டுச் சாமான் இல்லை. உள்ளே நெருப்புப்பெட்டி அளவில் உண்மையான எஞ்சின். அது குடிக்கிறது ஸ்பிரிட்டும், நைட்ரோ என்று ஏதோ மருந்தும், ஆமணக்கெண்ணெயும் கலந்த கலவை.

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்கு ஆமணக்கெண்ணெய் பருக்கித்தான் பேதி கொடுப்பார்கள். கார் கிளம்பினதும் அந்த ஆமணக்கெண்ணெய் கருகின மணம் ஒழுங்கை முழுக்கப் பரவும். காரைப் பார்க்க ஓடிவந்த பிள்ளைகள் பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "ஐயோ, பேதிக் கார் வருது!" என்று ஒரே ஓட்டம். விளையாட்டுக் காரைக் கண்டு பிள்ளைகள் ஒளித்தது எங்கள் ஒழுங்கையில்தான்.

கார் ஓடுகிறது பத்து நிமிசம். அதைப் பார்க்கிற வேலை நாள் முழுக்க. எங்களுடைய மணல் எஞ்சினைத் தின்றுவிடும் என்று, அதற்குள் காற்று போகிற பஞ்சை எண்ணெயில் தோய்த்துத் தோய்த்து மாட்டுவார். காரின் சில்லுகளை ஒவ்வொன்றாய்ப் பல் விளக்குகிற பிறஸ்ஸால் தேய்ப்பார். தன் பல்லுக்கு உமிக்கரியும் விரலும்தான். இரண்டு பற்சக்கரத்துக்கு நடுவில் ஒரு கடதாசித் துண்டை வைத்து இறுக்கிவிட்டுப் பிறகு உருவி எடுக்க வேணுமாம். அந்த அளவு இடைவெளி இருந்தால்தான் பல் உடையாதாம். அதற்கு அவர் கிழிக்கிறது பெண்சாதி கமலக்கா வாசிக்கிற வாரப் பத்திரிகையின் தொடர்கதையை.

"கதாநாயகி கிணத்தடியில நிக்கிறாள். குதிச்சாளோ இல்லையோ தெரியேல்லை. மிச்சம் காருக்கை போட்டுது" என்பார் கமலக்கா.

எஞ்சின் சூடு பார்க்கிற விதமும் தனி. அதன் தலையில் ஒரு துளி எச்சில் வைப்பார். மெல்ல வற்றினால் சரி. சீறினால் எண்ணெய் காணாது, இன்னும் விடவேணும். உடனே ஒரு சின்னத் திருகாணியை அரைக்கால் சுற்றுத் திருப்பி, காதை வைத்துக் கேட்பார்.

"சோத்துக்கு உப்புக் காணுமோ எண்டு கேட்டால் நிமிந்து பாக்கமாட்டார். இதின்ர தலையில துப்பித் துப்பிப் பதம் பாக்கிறார்!"

"சத்தம் போடாதை கமலம். அது கதைக்குது."

இப்படி இருக்கையில் சுருவில் என்ற ஊரில் இருந்து ஒருவர் வந்தார். கப்பலில் சமையல்காரர், ஊரில் கப்டன் என்று பெயர். அவரிடமும் அப்படி ஒரு கார். மண்கும்பான் கடற்கரையில் போட்டி என்று முடிவாயிற்று. ஒயில் அண்ணைக்கு இரண்டு மாதம் வேறு பேச்சே இல்லை.

அந்தப் போட்டிக்கு மூன்று நாள் இருக்கத்தான் என்னுடைய தையல் மெசின் கெட்டது. என் புருசன் மாண்டு நான்கு வருசம். அந்த மெசின் ஓடினால்தான் நான் என்னுடைய அடுப்பில் சமைக்கலாம். ஒரு கலியாண வீட்டின் பன்னிரண்டு சட்டை வெட்டினபடி கிடக்க, நூலை இறுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் முறிந்தது. தம்பி யாழ்ப்பாணம் முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

"பழைய மெசினக்கா, சாமான் இல்லையாம். வித்துப்போட்டு எங்கட வீட்டை வாவன், ஒரே குசினியில சமைக்கலாம்."

அவன் பாசத்தில்தான் சொன்னான். ஆனால் தம்பி பெண்சாதியின் குசினியில் நான் எந்த மூலையில் நிற்கிறது?

கமலக்கா சொல்லி ஒயில் அண்ணை ஆள் நுழைகிற வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பிற ஆம்பிளைகளோடு எனக்குப் பேச்சு வராது. அவர் என்னோடு கதைக்கவும் இல்லை, மெசினோடுதான் கதைத்தார். "எங்கை நோகுது உனக்கு?" என்று கேட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன ஸ்பிரிங்.

"பழஞ்சாமான் பெட்டிக்கை கிடந்தது" என்றார், மெசினைப் பார்த்து.

மூன்று மணித்தியாலம் அரைக்கால் அரைக்காலாய்த் திருகினார். தையல் முத்துக் கோத்ததுபோல விழுந்தது. பன்னிரண்டு சட்டையும் சொன்ன நாளைக்கு முதல்நாளே போய்ச் சேர்ந்தது.

போட்டியன்று மண்கும்பானில் சனம். நானும் கமலக்காவுக்குப் பின்னால் நின்றேன். கரையில் இழுத்து விட்டிருந்த வள்ளத்தைச் சுற்றி வரவேணும். ஒயில் அண்ணையின் கார் புகையைக் கக்கிக்கொண்டு முன்னுக்குப் போயிற்று. வள்ளமும் வந்தது. அவர் பெட்டியில் வேகத்தைக் குறைக்கிறார், குறைக்கிறார். கார் கேட்கவில்லை. வள்ளத்தைத் தாண்டி நேரே போய்க் கடலுக்குள் பாய்ந்து 'சூஊ' என்று அடங்கிற்று.

கப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன காணும், கார் எண்டு சொல்லிக் கப்பலெல்லே விடுறீர்!"

அண்ணை இடுப்பளவு தண்ணிக்குள் இறங்கிக் காரைப் பிள்ளைபோலத் தூக்கிவந்தார். கமலக்கா குனிந்து பார்த்தார். வேகத்தைத் திரும்ப இழுத்துக் குறைக்கிற இடத்தில், சூட்டில் உருகின ஒரு றப்பர் வளையத் துண்டு ஒட்டிக்கிடந்தது.

"இஞ்சாருங்கோ, இதில இருந்த ஸ்பிரிங் எங்கை?"

"சத்தம் போடாதை கமலம்."

அது என்னுடைய மெசினுக்குள் இருந்தது.

அடுத்தநாள் விடிய ஸ்பிரிங்கைக் கழற்றி ஒரு வெட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு, வேலிப் பொட்டுக்குள்ளால் போனேன். அண்ணை காரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை..." என்று துணியை நீட்டினேன்.

பிரித்துப் பார்த்தவர் ஒரே பாய்ச்சலில் எழும்பினார். என்னை நேரே பார்த்துக் கதைத்தது அன்றைக்குத்தான்.

"ஆரைக் கேட்டுக் கழட்டினனீர்? மூண்டு மணித்தியாலம் காதை வைச்சுச் சரிப்பண்ணினது! எத்தனை சுத்து எண்டு எண்ணினனீரே? இல்லை! உமக்கு மூளை இருக்கே தங்கச்சி? நட வீட்டை!"

"உங்கட கார், அண்ணை..."

"கார் கிடக்கட்டும்! அங்கை ஒரு நல்ல மெசினைக் கெடுத்துப்போட்டு வந்து நிக்கிறீர்!"

ஏசிக்கொண்டே முன்னால் நடந்தார். ஏசிக்கொண்டே மாட்டினார். மத்தியானம் வரைக்கும் திருகினார், ஏச்சும் நிற்கவில்லை. கமலக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த கிழமை கப்பல் ஏறிவிட்டார். தம்பியின் குசினிக்கு நான் போகவேண்டி வரவில்லை. கண் தெரிந்த காலம் வரைக்கும் அந்த மெசினிலேயே தைத்தேன். என்னை ஏசினவர்கள் எத்தனையோ பேர். எல்லாம் மறந்துபோயிற்று. ஒயில் அண்ணையின் அந்த ஏச்சு மட்டும் இன்னொருக்கால் வாங்க ஆசையாய் இருக்கிறது.