விடிய விடியக் கேட்கும் ஒருவர்

“ஒரே ஒரு ஆளு! ஆனா முழுசாக் கேட்டிருக்கார், ரேணு!”

ரவிச்சந்திரன் மடிக்கணினியை ஏந்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவந்தான். சார்ஜர் ஒயர் பிடுங்கிக்கொண்டு வாலைப்போலப் பின்னால் வந்தது.

ரேணுகா தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “யாரு, உங்கம்மாவா?”

“அம்மா ரெண்டாவது நிமிசத்துலயே ஆஃப் பண்ணிட்டாங்க. இது வேற ஆளு!”

குன்னூரில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டில் உபரியாக இருந்தது ஒரே ஓர் அறை. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு நிரல் எழுதும் ரவிச்சந்திரன், அந்த அறையின் சுவரெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு, தன் கருத்துகளைப் பேசிப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றிவந்தான். எந்த இயங்குதளம் உசத்தி, எந்த மென்பொருள் மோசம், இனிமேல் எவரும் கண்ணால் புத்தகம் படிக்கமாட்டார்கள், காதால்தான் படிப்பார்கள் என்று அவனிடம் கருத்துகளுக்குப் பஞ்சமே இல்லை.

ரேணுகாவிடம் இருந்தது ஒரே ஒரு கருத்துதான். குளிரும் ஈரமும் இருட்டுமாக இருக்கும் அந்த அறை, மொட்டுக்காளான் வளர்க்கவென்றே கட்டப்பட்டது.

“மாசக் கடைசிக்குள்ள ஒருத்தராவது முழுசாக் கேட்டா ரூமு உங்களுக்கு. இல்லைன்னா என் காளானுக்கு” என்று சொல்லி, அறைச் சாவியையும் அவளே வைத்துக்கொண்டிருந்தாள். அவன் பேசுவதற்கு மட்டும் திறந்துவிடுவாள்.

“இதப் பாரு” என்று ரவிச்சந்திரன் திரையைக் காட்டினான். “கேக்குறவங்க எந்த இடத்துல நிறுத்துறாங்களோ, அங்க கோடு கீழ விழும். எல்லாருக்கும் ரெண்டாவது நிமிசத்துல விழுது, தொட்டபெட்டாவுல இருந்து உருட்டிவிட்ட மாதிரி. இந்த ஒரு கோடு மட்டும் நேராப் போகுது பாரு! சாயங்காலம் ஆரம்பிச்சு, ஒவ்வொரு பதிவாக் கேட்டு, விடியறப்பத்தான் நிக்குது. தினமும்!”

“விடிய விடியவா? யாருங்க அந்தப் பாவம்?”

“அமெரிக்கா நேரத்துக்கு வேலை செய்யுற எஞ்சினீயரா இருக்கும்.”

“மெஷினா இருக்கும். இணையத்துல சுத்துறதுல பாதி மனுசனே இல்ல, ப்ரோகிராம்னு நீங்கதான சொன்னீங்க?”

அவன்தான் சொன்னான். அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவே இருந்தது.

“மனுசன்தான்னு நேர்ல காட்டுங்க. சாவியத் தந்துர்றேன்” என்றாள் ரேணுகா.

கிடைத்த ஒரே ரசிகரைத் தக்கவைக்க ரவிச்சந்திரன் உடனே வேலையில் இறங்கினான். இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை இல்லை என்பது அவன் கருத்து. ஆகவே எல்லாப் பதிவுகளையும் பத்துப் பத்து நிமிடத்துக்கு வெட்டிச் சுருக்கிவிட்டான்.

மறுநாள் அவன் வாழ்க்கையின் முதல் கமெண்ட் வந்தது. பெயர் செல்லதுரை.

‘சார், ஏன் வெட்டிட்டீங்க? நடுராத்திரியிலயே தீந்து போச்சு. நேத்து எனக்குப் பெரிய நஷ்டமுங்க.’

“கேட்டியா! ஒரு ராத்திரி அறிவு கிடைக்கலைன்னா நஷ்டம்கிறார்! எந்த ப்ரோகிராமுக்கு நஷ்டம் தெரியும், ரேணு?”

வெட்டியதையெல்லாம் ஒட்டினான். ஒட்டும்போது சும்மா இருக்க முடியவில்லை. குரல் இதமாக இருந்தால் நெஞ்சில் தங்கும் என்று எங்கோ கேட்டிருந்தான். குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவதுபோல எல்லாவற்றையும் மறுபடி பேசி, இடையிடையே புல்லாங்குழலும் சேர்த்தான்.

‘சார், புல்லாங்குழல் வந்ததும் நிலைமை ரொம்ப மோசமாயிருச்சுங்க. சாந்தமாப் பேசாதீங்க. அந்த அப்டேட்டைத் திட்டிக் கத்துனீங்களே, அதுதான் நல்லா வேலை செய்யுது.’

“கத்துனீங்கன்னு எழுதியிருக்காருங்க” என்று ரேணுகா சிரித்தாள்.

“ஆவேசம்னு அர்த்தம்! எடுத்த உடனே வேலை செய்யுற அறிவு! எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?”

அன்று மாலை அறையிலிருந்து கிளம்பிய ஆவேசத்தில் கீழ்வீட்டுச் சன்னல் அதிர்ந்தது. வீட்டுக்காரர் ஆறுக்குட்டி குல்லாவைச் சரிசெய்துகொண்டே படியேறி வந்தார்.

“ஏனுங்க ரவி, யாருகூடச் சண்டை?”

“சண்டை இல்லீங்கண்ணா, ஆபரேட்டிங் சிஸ்டம்! ரொம்ப சுலபமுங்க. டீ ஃபேக்டரியில நாலு எஸ்டேட் இலை ஒரே நேரத்துல வந்து நிக்குது. அரைக்கிற ரோலர் ஒண்ணுதான். எந்த இலை முதல்ல, எவ்வளவு நேரம்னு முடிவு பண்ணுற சூப்பர்வைசர்தான் அது. நல்ல சூப்பர்வைசர்னா, அவர் இருக்கிறதே தெரியாது. லினக்ஸ் மாதிரி! மோசமானவரு, இலை பாதி அரைபட்டுட்டு இருக்கும்போதே மெஷினை நிறுத்திட்டு, எனக்கு அப்டேட்டுன்னு போயிருவார்!”

கடைசி வாக்கியத்தில் குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. ஆறுக்குட்டி ஒரு படி பின்வாங்கினார்.

“அதெல்லாஞ் சரிங்க. எங்க நாயி ரெண்டு நாளா ஊட்டுப் பக்கமே வரலீங்க. இன்னொருக்காக் கத்துனீங்கன்னா ஊட்டையே காலி பண்ணிருங்க.”

அறைக்காக ஆரம்பித்தது வீட்டுக்கே வந்துவிட்டது. இனித் தாமதிக்க முடியாது. ‘உங்களை நேரில் பார்க்க வேண்டும்’ என்று ரவிச்சந்திரன் எழுதினான். ‘என் பாக்கியமுங்க, பிக்கட்டியில நம்ம தோட்டத்துக்கு வாங்க’ என்று உடனே பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகும்போது ரேணுகாவின் கைப்பையில் சாவி இருந்தது. சன்னலோரம் ரவிச்சந்திரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“எஞ்சினீயர் இல்ல, விவசாயியாம்! பகலெல்லாம் மண்ணு, ராத்திரியெல்லாம் லினக்ஸ்! என்ன மனுசன் பாரு!”

“மனுசனான்னு பாக்கத்தான போறோம்.”

சரிவு முழுக்கக் கேரட். தோட்டத்தின் நான்கு மூலையிலும் கம்பம் நட்டு, மழைக்குப் பாலித்தீன் சுற்றிய ஸ்பீக்கர்கள் கட்டியிருந்தன. ஸ்வெட்டர் போட்ட ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“இந்தக் குரலேதானுங்க! உங்களாலதான் சார் இந்த வருசம் நான் தலை நிமிந்து நிக்கிறேன்!” என்று செல்லதுரை அவன் தோளில் ஒரு புதுத் துண்டைப் போர்த்தினார்.

ரவிச்சந்திரன் துண்டைத் தடவிக்கொண்டே கம்பங்களைச் சுற்றிப் பார்த்தான். “நாலு பக்கமும் ஸ்பீக்கர் வெச்சுக் கேக்குறீங்களா?”

“ஆமாங்க. ஒரு மூலைய உட்டாலும் சரிப்படாது. பக்கத்துத் தோட்டத்துக்காரங்களும் உங்களைப் போடலாம்னு இருக்காங்க.”

“ரேணு, பரவுது!”

ரேணுகா செல்லதுரையை ஏற இறங்கப் பார்த்தாள். அவருக்கு வியர்த்தது, மூச்சு வாங்கியது, இருமினார். சந்தேகமே இல்லை, மனிதர்தான். கைப்பையைத் திறந்து சாவியைக் கணவன் கையில் வைத்தாள்.

“தோத்துட்டேனுங்க. பேசுங்க.”

செல்லதுரையின் மனைவி மாரியாயி டீ டம்ளர்களோடு வந்தாள். ரேணுகாவுக்கு அவளைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

“ஏனுங்கக்கா, விடிய விடிய இவரு பேசறதைக் கேட்டா உங்களுக்குத் தூக்கம் கெடலீங்களா?”

“நாங்க எங்கீங்க கேக்குறோம்? இவரைப் போட்டு உட்டுட்டு நாங்க தூங்கப் போயிருவோம். இவரு சத்தம் வந்ததுல இருந்துதான் காட்டுப்பன்னி ஒண்ணுகூட கேரட்டுப் பக்கம் தல வெக்கிறதில்லீங்க!”