எப்படியும் போகத்தானே போறோம்

வெளிநாட்டுக்குப் போனவர்கள் என்று ஒரு வகை உண்டு. போகாதவர்கள் என்று இன்னொரு வகை உண்டு. இவர்கள் இரண்டு பேராலும் யாருக்கும் தொந்தரவில்லை. இவர்களுக்கு நடுவில் மூன்றாவது வகை ஒன்று நம் பக்கம் ஏராளமாக நடமாடுகிறது. அவர்கள்தான் போகப் போகிறவர்கள். இன்றோ நேற்றோ அல்ல, பத்துப் பன்னிரண்டு வருடமாகப் போகப் போகிறவர்கள். பாலக்கோட்டில் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் தேறுவார்கள். அதில் அப்பழுக்கில்லாத சரக்கு என்றால் ஃபிராங்க்ளின்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மனைவி அருள்ராணி தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே மகள் அமுதா, பத்தாம் வகுப்பு.

இந்த வகையை எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? ஆளைப் பார்க்காதீர்கள், வீட்டைப் பாருங்கள். பூசாத சுவர், டிராக்டர் டியூபைக் கிழித்துச் சுற்றிய குழாய், மாடிக்குப் போகும் படியில் கடைசி நாலு படி மட்டும் இல்லாமல் நிற்கும் வெறும் கம்பி, "அங்க போய் வாங்கிக்கலாம்" என்று வாங்காமல் விட்ட வாஷிங் மெஷின், அந்த மெஷினுக்காகவே போட்டு வைத்த பிளக் பாயிண்ட். சுற்றுச்சுவர் மூன்று பக்கம் எழும்பி நிற்கும். நாலாவது பக்கம் திறந்த வெளி.

"சார், செங்கல் மிச்சம் இருக்குதுங்க, இதையும் ஏத்திடலாமுங்களா?" என்று கொத்தனார் அர்ச்சுனன் கேட்டபோது நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"யாருக்குய்யா ஏத்தறது? எப்படியும் போகத்தானே போறோம்" என்றார் ஃபிராங்க்ளின்.

இது நடந்தது அமுதா எல்.கே.ஜி. படிக்கும்போது. அன்றிலிருந்து தெருவில் உள்ள ஆடுகள் எல்லாம் அந்த வழியாகத்தான் வந்து போகின்றன. அருள்ராணி வைக்கிற ரோஜாச் செடி ஒன்றும் மூன்றாவது இலையைப் பார்த்ததில்லை.

இவர் ஏன் போக வேண்டும்? அதைக் கேட்டுவிடாதீர்கள், கடையில் ஃபேன் பெல்ட் வாங்க வந்தவர் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டுவிடுவார். குடும்பப் பாதுகாப்பு. அதுதான் காரணம். காலையில் பேப்பரை விரித்தால் அரசியல், சினிமா, விளையாட்டு எதுவும் அவர் கண்ணில் படாது. கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி, நடைப்பயிற்சியில் பறிபோன சங்கிலி, நாய் கடித்த ஏழு பேர், தக்காளித் தோட்டத்தில் இறங்கிய ஒற்றை யானை, தண்ணீரில் ஃப்ளோரைடு என்று ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். வாசித்து முடித்து, "இந்த ஊர்ல பொட்டப்புள்ளைய வச்சிக்கிட்டு எப்படிங்க இருக்கறது?" என்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். பார்த்துவிட்டு, மனைவியையும் மகளையும் ஒரே வண்டியில் ஏற்றி, ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு சர்ச் பூசைக்குப் புறப்பட்டுவிடுவார்.

அப்படியானால் போக வேண்டியதுதானே? அங்கேதான் இந்த வகையின் சாமர்த்தியம் இருக்கிறது. காலையில் இந்த நாட்டைக் கழித்துக் கட்டுவார். சாயங்காலம் யூடியூபில் அந்த நாட்டைக் கழித்துக் கட்டுவார். கனடாவா, பனியில் வழுக்கி விழுந்தால் இடுப்பு போச்சு. ஆஸ்திரேலியாவா, செருப்புக்குள் சிலந்தி இருக்குமாம். அமெரிக்காவா, பள்ளிக்கூடத்திலேயே சுடுகிறான். துபாயா, இங்கே இல்லாத வெயிலா? நியூசிலாந்து ஒன்றுதான் ஒரு வருடம் முழுக்கத் தாக்குப் பிடித்தது. கடைசியில் அங்கே பூகம்பம் வருமென்று யாரோ சொல்ல, அதுவும் போயிற்று. அவருடைய செல்போனில் இன்றைக்கும் டொரன்டோ நகரத்தின் வெப்பநிலை வரும். சித்திரை மாதத்தில் துண்டால் விசிறிக்கொண்டே, "அங்க இப்ப ரெண்டு டிகிரி, ஸ்வெட்டர் இல்லாம வெளிய வரமுடியாது" என்று வருத்தப்படுவார். முதல் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூடப் படாமல் காலாவதியானது. இரண்டாவதும் அதே பாக்கியத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

இப்படியே போயிருந்தால் நான் எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. நடுவில் அருள்ராணி ஒரு காரியம் செய்தாள்.

தினமும் தருமபுரிக்குப் போக வர பஸ்ஸில் இரண்டு மணி நேரம். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே வருவாள். செபமாலை சொல்கிறாள் என்று ஊரே நினைத்தது. பக்கத்து சீட்டுப் பெண்கள் தங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னதும் உண்டு. அவள் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றே முக்கால் வருடம். பெங்களூரில் பரீட்சை எழுதி, நர்ஸ் வேலைக்குத் தேவையான மட்டத்தில் தேறியும்விட்டாள். கணவரிடம் மறைத்தாளா என்றால் இல்லை, இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். அந்தச் சமயம் அவர் நியூசிலாந்தில் இருந்தார், "ம்" என்றார்.

ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. வேலை உண்டு, தங்க இடம் உண்டு, குடும்பத்தைப் பின்னால் அழைத்துக்கொள்ளலாம். பத்து நாளுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு.

அருள்ராணிக்கு முப்பத்தொன்பது வயது. இதை விட்டால் இன்னொன்று வருமென்று அவள் நம்பவில்லை. பதினைந்து வருடமாக நாற்பது படுக்கைக்கு இரண்டு நர்ஸ் என்று ஓடி முதுகு போயிருந்தது. மகளை அவள் ஆசைப்படுகிற படிப்புக்கு அனுப்ப வேண்டும், இங்கே வாங்கும் சம்பளத்தில் அது நடக்காது. போக வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. ஆனாலும் கடிதத்தைக் கொண்டுவந்து கணவர் கையில்தான் கொடுத்தாள்.

"என்னங்க, நீங்க சொல்லுங்க."

பன்னிரண்டு வருடமாகக் கேள்வித்தாளை மட்டுமே படித்துவந்த மனிதரிடம் விடைத்தாளை நீட்டினால் என்ன ஆவார்? அவருக்கு வியர்த்துவிட்டது.

"அவசரப்படக் கூடாது. நாலு பேரைக் கேக்கணும்" என்றார்.

கேட்டார். நாலு பேரா, நாற்பது பேரை. சர்ச்சுக்குப் போய், "ஃபாதர், போலாங்களா?" என்று கேட்டார். "உங்க மனசுல என்ன படுது?" என்றார் ஃபாதர். "அது தெரிஞ்சா நான் ஏன் ஃபாதர் இங்க வரேன்?" என்று திரும்பி வந்தார். தக்காளி மார்க்கெட்டில் கேட்டார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே கேட்டார், கடைக்கு நட்டு வாங்க வந்தவரிடம் ஐரோப்பாவின் எதிர்காலத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார். என்னையும் கேட்டார். போங்கள் என்றேன். "உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க" என்றார். நாலு நாள் ஓடிவிட்டது.

ஐந்தாம் நாள் கடைக்கு வந்தவர் தீர்த்தகிரி. மூன்று ஏக்கரில் தக்காளி போடுகிறவர், பழைய சிநேகிதர்.

"ஃபிராங்க்ளினு, மனசு ரெண்டா நின்னா நாங்க ஆத்தாகிட்ட பூ கேட்டுருவோம். பொண்ணு எடுக்கறதா இருக்கட்டும், போர் போடறதா இருக்கட்டும், அங்கதான் முடிவு."

"நாங்க ஆர்.சி.ங்களே?"

"ஆத்தா உன்னைய சர்ட்டிபிகேட்டா கேக்கப் போறா? வண்டிய எடு."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியே காகிதத்தில் மடித்து அம்மன் முன்னால் போட்டு, விவரம் அறியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் செய், சிவப்பு என்றால் வேண்டாம். பூசாரியின் மூன்று வயதுப் பேத்தி வந்து எடுத்தது. வெள்ளை.

"எந்த நாடுன்னு நான் மனசுல சொல்லாம விட்டுட்டேன். இன்னொருவாட்டி போடுங்க" என்றார் ஃபிராங்க்ளின். போட்டார்கள். வெள்ளை.

"பாப்பா போன தடவை எடுத்த பக்கமே கைய வைக்குதுங்க. காகிதத்தை இடம் மாத்திப் போட்டுப் பாக்கலாமா?"

பூசாரி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஆத்தா ரெண்டு தடவை வாய் தொறந்து சொல்லிட்டா. மூணாவது தடவை கேட்டா பொண்டாட்டிய அனுப்புன்னு சொல்ல மாட்டா, உன்னைய அனுப்பிருவா" என்றார்.

வீட்டுக்கு வந்தவருக்கு நம் சாமி கோபித்துக்கொள்வாரே என்று புதுக் கவலை பிடித்துக்கொண்டது. ஆறாம் நாள் காலை, அந்தோணியார் படத்துக்கு முன்னால் "போ", "இரு" என்று இரண்டு சீட்டு எழுதிப் போட்டு ஒன்றை எடுத்தார். போ என்று வந்தது. நியாயமாக இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எதிர்ப்பு வந்தால்கூட இந்த வகையினர் சமாளித்துவிடுவார்கள், ஒருமித்த கருத்துதான் இவர்களுக்கு ஆகாது. "அங்கயும் போங்கறாங்க, இங்கயும் போங்கறாங்க. ரெண்டு பேரும் இப்படி ஒத்துப்போறதுதாங்க எனக்கு இடிக்குது" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஏழாம் நாள் சாயங்காலம் குடும்பத்தை முழங்காலில் நிறுத்தினார். "இந்தத் தடவை தெளிவா மூணு சீட்டு. போ, இரு, இன்னும் யோசி. எது வருதோ அதுதான், அப்பீலே கிடையாது" என்று அறிவித்துவிட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். இன்னும் யோசி.

அவர் முகத்தில் அன்றைக்குப் பார்த்த நிம்மதியைக் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை என்று அருள்ராணி என் மனைவியிடம் சொன்னாளாம். எல்லோருக்கும் பரோட்டா வாங்கி வந்தார்.

எட்டாம் நாள் ஞாயிறு. பூசைக்குப் போவதற்கு முன் அந்தோணியார் படம் இருந்த பீடத்தில் வாடிய பூவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்த அருள்ராணி, எடுக்கப்படாமல் கிடந்த மற்ற இரண்டு சீட்டையும் சும்மா பிரித்துப் பார்த்தாள். ஒன்றில் "இன்னும் யோசி" என்று இருந்தது. இன்னொன்றில் "இன்னும் யோசி" என்று இருந்தது.

முதலில் சிரிப்பு வந்ததாம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டதாம். அங்கேயே தரையில் உட்கார்ந்து, பூசாத சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் அழுதிருக்கிறாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவி, கணவருக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்துப் பூசைக்குப் போனாள். திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு, தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி, அனுப்பிவிட்டாள். வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கி, காபி கலந்து கொடுத்து, கடைசியில் விஷயத்தைச் சொன்னாள்.

"அனுப்பிட்டேனுங்க."

ஃபிராங்க்ளின் டம்ளரைக் கீழே வைத்தார். "என்னைய ஒரு வார்த்தை கேக்கல."

"பன்னண்டு வருசமா கேட்டேனுங்க."

ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. பாலக்கோட்டில் எந்த டிராக்டரில் எந்தப் போல்ட் தேய்ந்திருக்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்கிற மனிதர், முன்பின் தெரியாத ஊரில் அருள்ராணியின் வீட்டுக்காரர் என்று மட்டும் நிற்பதை நினைத்துப் பயந்தார். பயப்படட்டும், யாருக்குத்தான் பயமில்லை? அதை மனைவியிடம் சொல்லியிருந்தால் அவள் ஒரு நிமிடத்தில் தீர்த்து வைத்திருப்பாள். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, உலக நாடுகள் அத்தனையின் மேலும் பழியைப் போட்டார்.

அருள்ராணி போய் எட்டு மாதமாகிறது. நன்றாக இருக்கிறாள். பனியில் வழுக்கி விழவில்லை. இங்கே நம்முடையவர் டீக்கடையில், "நான்தாங்க தைரியமா அனுப்பி வச்சேன். இதெல்லாம் யோசிச்சிட்டே இருந்தா ஆவாது, டக்குன்னு எறங்கிரணும்" என்று ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கிறார். தானும் போவதற்கு ஜெர்மன் புத்தகம் வாங்கியிருக்கிறார், அதற்குப் பிரவுன் அட்டை போட்டாயிற்று, பெயரும் எழுதியாயிற்று.

அமுதா பத்தாவது முடித்ததும் அம்மாவிடம் போக விண்ணப்பம் தயாராக இருக்கிறது. அப்பா சம்மதித்து ஒரே ஒரு கையெழுத்துப் போட வேண்டும். தாள் மூன்று மாதமாக மேசை மேல் கிடக்கிறது. "ஒத்தப் பொட்டப்புள்ள, அவ்ளோ தூரம். நாலு பேரைக் கேக்கணும்" என்கிறார். ஆரம்பத்தில் அமுதா தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகக் கேட்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிறாள், சாப்பிடுகிறாள், படிக்கிறாள். "புள்ளைக்குப் புரிஞ்சிடுச்சுங்க" என்று நேற்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

நீங்கள் இதுவரை சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். நமக்கென்ன, நாம் வெளிநாடு போகிற ஆளா என்று நினைப்பீர்கள். நாடுதான் என்று யார் சொன்னது? வேலையை மாற்றுவதாக இருக்கலாம், வீட்டைப் பிரிப்பதாக இருக்கலாம், மகனுக்கு அவன் சொன்ன பெண்ணைப் பேசி முடிப்பதாகவும் இருக்கலாம். நல்லதாகப் பார்த்துச் செய்யலாம் என்று நீங்களும் எதையோ எடுத்து வைத்திருப்பீர்கள். அதைப் பற்றி உங்களை நச்சரித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னமும் நச்சரிக்கிறார்களா? நச்சரிக்கிறார்கள் என்றால் நீங்கள் பிழைத்தீர்கள், நிம்மதியாகத் தூங்குங்கள். கொஞ்ச நாளாக வீட்டில் யாரும் உங்களை எதுவும் கேட்பதில்லை என்றால், இதைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் அவர்களிடம் நீங்களே கேளுங்கள்.